கைவிட்ட போரை மூட வைப்பது எப்படி: மனு முதல் மண் வரை

உங்கள் ஊரில் தண்ணீர் வராமல் கைவிட்ட போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்று வாய் திறந்து கிடக்கிறது, பக்கத்தில் குழந்தைகள் நடமாட்டம் இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எங்கள் பக்கத்தில் அங்கன்வாடிக்குப் போகும் வண்டித்தடத்தை ஒட்டி ஒன்று கிடந்தது. யாரைப் பார்ப்பது, என்ன எழுதுவது, எவ்வளவு மண் வாங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 அக்டோபர் 25 மாலை, 2 வயதுக் குழந்தை போருக்குள் விழுந்தது. 88 அடி ஆழத்தில் சிக்கிய குழந்தையின் உடலைத்தான் 29ஆம் தேதி அதிகாலையில் எடுக்க முடிந்தது. அடுத்த சில வாரங்களுக்கு எல்லா ஊரிலும் போர்களை மூடினார்கள். அப்புறம் பழையபடி ஆகிவிட்டது.

மண் போட்டு மூடுவது ஒரு நாள் வேலை. யாருடைய போர், யார் மூடுவது, மூடியதற்கு என்ன ஆவணம் என்ற மூன்று கேள்விகளில்தான் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் தற்காலிக மூடியை முதல் நாளே போட்டுவிட்டுத்தான் காகித வேலையைத் தொடங்க வேண்டும்.

1. முதல் நாள்: தற்காலிக மூடி

நில உரிமையாளர் ஊரில் இருந்தால் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போக வேண்டாம்.

போரின் வாயில் கேசிங் பைப் (மண் சரியாமல் இருக்க உள்ளே இறக்கும் குழாய்) தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் வேலை எளிது. பைப்பின் வெளிச்சுற்றை ஒரு நூலால் அளந்து, அந்த நூலை அப்படியே பிவிசி கடைக்கு எடுத்துப் போய் அதே அளவுக்கு எண்டு கேப் (குழாய் முனை மூடி) கேளுங்கள். "6 இன்ச் போர்" என்று வாயால் சொல்லி வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது, ஏனென்றால் போரின் அளவு வேறு, கேசிங்கின் அளவு வேறு. சில நூறு ரூபாய் ஆகும். பசை போட்டு ஒட்டாதீர்கள், பிறகு நிரப்புவதற்குத் திறக்க வேண்டும். பக்கவாட்டில் இரண்டு மூன்று திருகு ஏற்றினால் போதும், குழந்தையால் கழற்ற முடியாது.

கேசிங் இல்லாத போர்தான் ஆபத்து. போர் பொய்த்தால் கேசிங்கை உருவி அடுத்த போருக்குப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. உருவிய பிறகு வாய்ப்பகுதி மண் சரிந்து, ஓட்டை நாளாக நாளாக அகலும். விளிம்பில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். நீளமான பலகை இரண்டைக் குறுக்கே போட்டு, அதன் மேல் நின்று வேலை செய்யுங்கள். ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு அடி அகலமான இரும்புத் தகடோ சிமென்ட் பலகையோ வைத்து, மேலே பெரியவர்கள் இருவர் சேர்ந்துதான் அசைக்க முடியும் என்ற அளவுக்குக் கருங்கல் ஏற்றுங்கள்.

செய்யக் கூடாதவை: சாக்கு, முள், பலகைக்கல். சாக்கு ஒரு கோடை வெயிலில் இற்றுவிடும். முள்ளை விறகுக்கு யாராவது எடுத்துப் போவார்கள். சிறிய பலகைக்கல்லை ஆடு மேய்க்கும் பையன்களே நகர்த்திக் கல் போட்டு விளையாடுவார்கள். ஓட்டையை மறைத்துவிட்டு எடை தாங்காமல் கிடக்கும் மூடி, திறந்த ஓட்டையைவிட மோசம்.

மூடுவதற்கு முன் கயிற்றில் ஒரு பெரிய போல்ட்டைக் கட்டி இறக்கி ஆழம் பாருங்கள். தண்ணீர் எத்தனை அடியில் தட்டுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மனுவுக்கும் மண் கணக்குக்கும் இரண்டும் வேண்டும்.

2. நிலம் யாருடையது?

புல எண் (சர்வே நம்பர்) தெரியாமல் எந்த அலுவலகத்திலும் பேச முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். புல எண் கிடைத்ததும் அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் பட்டா சிட்டா, அ-பதிவேடு இரண்டையும் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். அச்செடுக்கும் செலவு மட்டும்தான்.

பட்டா நிலம் என்றால் பெயர் வரும். புறம்போக்கு என்றால் அ-பதிவேட்டில் தெரியும், அப்போது பொறுப்பு ஊராட்சிக்கோ சம்பந்தப்பட்ட துறைக்கோ போகும். இதில் பலர் கவனிக்காத ஒன்று, கைப்பம்பு கழற்றிய பழைய ஊராட்சிப் போர்கள். அவற்றுக்கு உரிமையாளரைத் தேடவே வேண்டாம், ஊராட்சியேதான்.

சிக்கல் எங்கே வரும் என்றால், பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். வாரிசுகள் நாலு பேர், ஒருவர் திருப்பூரில், ஒருவர் பெங்களூரில். கூட்டுப் பட்டா என்றால் இன்னும் மோசம், "என் பங்கில் இல்லை" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். இதைத் தீர்க்கப் போகாதீர்கள், அது உங்கள் வேலை இல்லை. மனுவில் ஆள் பெயருக்குப் பதிலாகப் புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் முதன்மையாக எழுதுங்கள்.

3. மனுவுக்கு முன் ஒரு பேச்சு

நேரே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டால், உரிமையாளர் உங்களை எதிரியாகப் பார்ப்பார். அதன் பிறகு நிலத்தில் கால் வைக்க விடமாட்டார். அவருடைய பங்காளியோ சம்பந்தியோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு முதலில் போய்ப் பேசுங்கள்.

மூடாமல் விடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. போருக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போட்டிருப்பார்கள். "மழை பெய்தால் ஊறும்ணே, அப்ப ஒரு தடவை ஏர் (கம்ப்ரசர் காற்று) அடிச்சுப் பார்க்கலாம்" என்ற நம்பிக்கை போகாது. அப்படிச் சொன்னால் வாதாடாமல், கேசிங்கின் மேல் இரும்புத் தகடு பற்றவைத்தோ போல்ட் போட்டு இறுக்கியோ மூடி வைக்கச் சொல்லுங்கள். பிறகு திறந்துகொள்ளலாம் என்றதும் பாதிப் பேர் சரி என்பார்கள். கேசிங் இல்லை என்றால் இந்தச் சலுகை கிடையாது, நிரப்பத்தான் வேண்டும்.

இன்னொரு பயம் இலவச மின் இணைப்பு. போரை மூடினால் இணைப்பு போய்விடும் என்று நினைப்பார்கள். இணைப்பு உள்ள போர் என்றால், முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் ஒரு பதில் வாங்கச் சொல்லுங்கள். அதுவரை மூடி இருந்தால் போதும்.

"ஜெயில்ல போட்டுடுவாங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் மனு.

4. மனு

பேச்சில் முடிந்தால் நேரே 5ஆம் படிக்குப் போங்கள். முடியவில்லை என்றால் ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுங்கள். நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) அனுப்புங்கள். ஊராட்சிக்குத் தலைவர் இல்லாத காலம் என்றால் தனி அலுவலர் பெயருக்கு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதியலாம்.

இணைக்க வேண்டியவை: பட்டா அல்லது அ-பதிவேடு அச்சு, தேதியும் இடமும் பதிந்த படங்கள் (ஒன்று கிட்டத்தில், ஒன்று தூரத்தில் பள்ளியோ வீடோ தெரியும்படி), கையால் வரைந்த வழி வரைபடம், அக்கம்பக்கத்தாரின் கையெழுத்துகள். உங்கள் ஆதார் நகலைக் கேட்டால் கொடுங்கள், கேட்காமல் இணைக்காதீர்கள்.

மனுவின் நடுப்பகுதி இவ்வளவுதான் இருக்க வேண்டும்:

"மேற்படி புல எண்ணில் சுமார் ___ அடி ஆழமுள்ள கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு மூடப்படாமல் உள்ளது. இது அங்கன்வாடி மையத்திலிருந்து ___ மீட்டர் தூரத்தில் உள்ளது. உச்ச நீதிமன்றம் 2010இல் வழங்கிய வழிகாட்டு நெறிமுறைகளின்படியும், தமிழ்நாடு ஊராட்சிகளில் கிணறு தோண்டுவதை ஒழுங்குபடுத்தும் 2015ஆம் ஆண்டு விதிகளின்படியும் இதை அடி முதல் தரை மட்டம் வரை நிரப்பி, நிரப்பியதற்கான சான்றின் நகலை வழங்கக் கோருகிறேன்."

"அடி முதல் தரை மட்டம் வரை" என்ற சொற்கள் கட்டாயம் இருக்கட்டும். அந்த நெறிமுறையே அப்படித்தான் சொல்கிறது. வெறுமனே "மூடித் தர வேண்டும்" என்று எழுதினால், மேலே ஒரு கல்லைப் போட்டுப் படம் எடுத்து மனுவை முடித்துவிடுவார்கள்.

அதே மனுவில் தெருவிளக்கு, சாக்கடை, ரேஷன் கடை என்று எதையும் சேர்க்காதீர்கள். வேறு துறைக்குப் போய்ச் சுற்றும். எங்கள் முதல் பதில் "நிலம் தனியாருக்குச் சொந்தமானது, மனு முடிக்கப்பட்டது" என்று வந்தது. உங்களுக்கும் வரலாம். கலங்க வேண்டாம். தனியார் போர்களையும் கண்காணித்து, எத்தனை திறந்திருக்கின்றன, எத்தனை நிரப்பப்பட்டன என்ற கணக்கை மாவட்ட அளவில் வைத்திருக்க வேண்டும் என்பது 2010 நெறிமுறையிலேயே உள்ளது. அதைச் சுட்டிக்காட்டி, பழைய மனு எண்ணையும் போட்டு மறுபடி கொடுங்கள்.

கையில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் என்றால் ஒப்புகையுடன் விரைவுத் தபால். வாயால் "பார்த்துக்கிறோம்" என்று சொன்னதற்குத் தேதி கிடையாது.

கிராம சபை நெருங்கினால் விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும். உங்கள் போருக்கு மட்டும் இல்லாமல், ஊராட்சியில் உள்ள எல்லாக் கைவிட்ட போர்களையும் கணக்கெடுக்கத் தீர்மானம் கேளுங்கள். ஒருவரைக் குறிவைக்கிறார்கள் என்ற பேச்சு எழாது. தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. நிரப்புவது

முதலில் கணக்கு. 4.5 இன்ச் போர் 100 அடிக்குச் சுமார் 11 கன அடி பிடிக்கும். 6.5 இன்ச் போர் 100 அடிக்கு 23 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆக, 600 அடி ஆழமுள்ள 6.5 இன்ச் போருக்கே 140 கன அடிக்குள், அதாவது ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 4.5 இன்ச் என்றால் முக்கால் யூனிட் போதும். "லாரி லாரியாக வேண்டும், யார் கொடுப்பது" என்று கையை விரிப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வாய் சரிந்து அகன்ற போர் என்றால் கால்வாசி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன போடலாம்? மணல், களிமண், சரளை, கூழாங்கல், போர் போட்டபோது வெளியே வந்த தூள் எல்லாம் ஆகும். அந்தத் தூள் பக்கத்திலேயே குவிந்து கிடந்தால் செலவே இல்லை. விலை கொடுத்து எம்-சாண்ட் வாங்கத் தேவையில்லை. குப்பை, பிளாஸ்டிக், பூச்சிமருந்து டப்பா, செத்த கோழி எதுவும் போடக் கூடாது. பக்கத்துப் போரில் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய பொறி எது தெரியுமா? டிராக்டரைப் பின்னால் விட்டு ஒரே கொட்டாகக் கொட்டுவது. ஈரக் களிமண் இருபது முப்பது அடியிலேயே அடைத்துக்கொள்ளும். மேலே நிரம்பிவிட்டது போலத் தெரியும், அடியில் நூற்றுக்கணக்கான அடி வெற்றிடம். ஒரு ஐப்பசி மழையில் அந்த அடைப்பு கரைந்து இறங்கினால், மூடிய இடம் என்று நம்பிக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் மறுபடி குழி.

அதனால் இப்படிச் செய்யுங்கள். உள்ளே கயிறு, குழாய், ஒயர் இருந்தால் முதலில் எடுங்கள். பொருள் காய்ந்திருக்க வேண்டும். ஓட்டையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பெரிதான கல் எதுவும் போகாதபடி சலித்துவிடுங்கள். தகரத்தைக் கூம்பாக வளைத்து வாயில் வைத்து, சட்டி சட்டியாகக் கொட்டுங்கள். கீழ்ப்பகுதிக்குச் சரளையும் மணலும். தண்ணீர் உள்ள போர் என்றால் இன்னும் மெதுவாக, கொட்டக் கொட்டத் தண்ணீர் மேலே ஏறும்.

பத்துப் பதினைந்து சட்டிக்கு ஒரு தடவை கயிற்றை இறக்கி அளங்கள். 10 கன அடி கொட்டியிருக்கிறீர்கள், 6.5 இன்ச் போரில் சுமார் 43 அடி ஏறியிருக்க வேண்டும். 200 அடி ஏறியதாகக் கயிறு சொன்னால் நடுவில் அடைத்திருக்கிறது. இரும்புக் கம்பியைக் கயிற்றில் கட்டி இடித்து உடைத்துவிட்டுத் தொடருங்கள். கணக்கைவிடக் குறைவாக ஏறினால் பரவாயில்லை, பக்கவாட்டுப் பொந்துகளுக்குள் போகிறது.

கடைசி மூன்று நான்கு அடிக்குக் களிமண் போட்டு, கனமான கட்டையால் இடித்து இறுக்குங்கள். மேல்தண்ணீர் உள்ளே இறங்காது. தரைக்கு மேல் ஒரு அடி மேடாக விட்டு, நடுவில் அடையாளக் கல் நடுங்கள். இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் கூலி, பொருள் ஏற்றிவர ஒரு நடை வண்டி வாடகை, அவ்வளவுதான் செலவு.

மழைநீர் சேகரிப்பாக மாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். மாற்றலாம். ஆனால் வடிகட்டிக் குழி, துளையிட்ட கேசிங், அதற்கு மேல் மூடி, ஆண்டுதோறும் பராமரிப்பு எல்லாம் வேண்டும். ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். வயலில் இருந்து மருந்து கலந்த தண்ணீர் ஓடிவரும் இடம் என்றால் கூடவே கூடாது. என் கணக்கில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் உள்ள போரை நிரப்பிவிடுவதே நல்லது.

6. சான்றும் பதிவும்

நிரப்புவதற்கு முன், பாதியில், முடிந்த பின் என்று மூன்று படங்கள் எடுங்கள். முழுவதும் நிரப்பியதற்குச் சான்று பெற வேண்டும் என்பது நெறிமுறையிலேயே உள்ளது, அந்தச் சான்றை நிலத்தடிநீர்த் துறையோ வேலையைச் செய்த ஒப்பந்தக்காரரோகூடத் தரலாம். புல எண், ஆழம், போட்ட பொருள், தேதி நான்கும் அதில் இருக்கட்டும். ஒரு நகல் ஊராட்சிக்கு, ஒன்று உரிமையாளருக்கு. பிற்பாடு நிலம் கைமாறினாலும் உழுதாலும் எங்கே போர் இருந்தது என்று தெரியும்.

பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. "ஏன் மூடவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்த ஊராட்சியில் கைவிடப்பட்ட போர்களின் பட்டியல், நிரப்பப்பட்டவை, நிரப்பப்படாதவை, என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. பல இடங்களில் பட்டியல் கேட்ட பிறகுதான் பட்டியலே தயாராகும். நமக்கு அதுவும் நல்லதுதான்.

7. நீங்களே புதிதாகப் போர் போடுகிறீர்கள் என்றால்

குறைந்தது 15 நாளுக்கு முன் எழுத்தில் தெரிவித்து, ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். போர் போடும் வண்டி பதிவு பெற்றதா என்று பாருங்கள். வேலை நடக்கும்போது சுற்றி முள்கம்பி, அறிவிப்புப் பலகை. தண்ணீர் வந்தால் கேசிங்கைச் சுற்றி, தரைக்கு மேல் 30 சென்டிமீட்டரும் கீழே 30 சென்டிமீட்டரும் உள்ள சிமென்ட் மேடை.

தண்ணீர் வராமல் வெறும் புகையாக வந்தால் எல்லோருக்கும் மனசு விட்டுப்போகும். ராத்திரியோடு ராத்திரியாக வண்டி கிளம்பிவிடும். அதற்கு முன்பே, மூடி போட்ட பிறகுதான் பாக்கிப் பணம் என்று பேசி வையுங்கள். கேசிங்கை உருவுவதாக இருந்தால் அன்றே நிரப்ப வேண்டும். மோட்டார் பழுதென்று மேலே எடுக்கும் நாளிலும் மூடியை மறக்காதீர்கள். மெக்கானிக் "நாளைக்கு வர்றேன்" என்பார், நாளைக்கு வரமாட்டார்.

8. கிணறும் சம்ப் தொட்டியும்

போர் விபத்து தொலைக்காட்சியில் நாள் முழுக்க ஓடும். தண்ணீரில் மூழ்கிச் சாகும் குழந்தைகள் அதைவிடப் பல மடங்கு, செய்தித்தாளில் இரண்டு வரி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் நம்மைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் ஏறக்குறைய கால்வாசி.

ஆகவே போருக்காக எடுக்கும் அதே கணக்கெடுப்பில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, ஏரியில் வண்டல் எடுத்த பள்ளம், மூடி உடைந்த செப்டிக் டேங்க், வீடு கட்ட வெட்டிய குழி எல்லாவற்றையும் சேருங்கள். சுவர் மூன்று அடிக்குக் குறையக் கூடாது, பக்கத்தில் ஏறி நிற்கக் கல்லோ தொட்டியோ இருக்கக் கூடாது. வீட்டுக்குள் சம்ப் மூடிக்குப் பூட்டு. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பக்கெட் தண்ணீர்கூட ஆபத்து.

நேரத்தையும் பாருங்கள். வங்கதேசத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காலை 9 முதல் 1 மணி வரை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 'ஆஞ்சல்' மையங்களை ஊர் ஊராக நடத்துகிறார்கள். தாய் வேலையில் மூழ்கியிருக்கும் அந்த நேரத்தில்தான் குழந்தைகள் குளத்தில் விழுகிறார்கள் என்று கண்டுபிடித்ததால் வந்த ஏற்பாடு அது. 2022இல் அந்நாட்டு அரசே 8,000 மையங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. நம்மிடம் அங்கன்வாடி ஏற்கெனவே இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகிற நாட்களில் இரண்டு வயதுக் குழந்தையையும் அங்கே சேர்த்துவிடுவதற்குப் பணியாளரிடம் பேசி வையுங்கள்.

9. விழுந்துவிட்டால்

உடனே 112 அல்லது தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. எல்லாவற்றையும் ஒரே ஆள் கூப்பிடாமல் பிரித்துக்கொள்ளுங்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வர வேண்டும், தென்மாவட்டங்களுக்கு மணிக்கணக்கில் ஆகும். அதனால் "முதலில் நாமே பார்ப்போம்" என்று அரை மணி நேரம் கடத்தாதீர்கள்.

கூட்டத்தையும் வண்டிகளையும் தூரத்தில் நிறுத்துங்கள். அதிர்வில் குழந்தை இன்னும் கீழே நழுவும். அதே காரணத்துக்காக, மீட்புக்காரர்கள் சொல்லாமல் ஜேசிபியைப் பக்கத்தில் இயக்க விடாதீர்கள். கொக்கி, சுருக்குக் கயிறு எதையும் நீங்களாக இறக்க வேண்டாம். தாயோ தகப்பனோ பலகையில் படுத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். போரின் ஆழம், அகலம், கேசிங் எத்தனை அடி வரை இருக்கிறது, தண்ணீர் எந்த மட்டத்தில் என்று தெரிந்த ஆளைத் தேடி அங்கேயே உட்கார வையுங்கள். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.